உச்சிப்பொழுதும் கடிகாரமும்

நிழல் ஒடுங்கும் நாள்

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதம் பிறந்ததும் இலங்கையின் தமிழ்ப் பத்திரிகைகளில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் ஒன்று தவறாது இடம்பெறும். சூரியனின் வடதிசை நோக்கிய சஞ்சாரத்தின் காரணமாக, அம்மாதம் 5ஆம் திகதியளவில் தொடங்கி ஏறக்குறையப் பத்து நாள்வரை, இன்ன நாளில் இன்ன ஊர்களுக்கு நேரே இன்ன நேரத்தில் சூரியன் உச்சம் கொடுக்கும் என்பது அதன் சாரம். தேவேந்திரமுனையில் கரையேறிப் பருத்தித்துறையில் கடலிறங்கும் இந்த யாத்திரையில், நாளொன்றுக்கு 40 கிலோமீற்றருக்குச் சற்று மேலாக வடக்கே நகர்ந்து வரும் உச்சிச் சூரியன், 8ஆம் திகதியன்று கண்டி மாநகரின் தலைக்கு நேரே வந்து சேர்கின்றான். அன்று நண்பகலில், வானம் மேகமற்றிருக்குமாயின், கண்டி வாவியின் வெள்ளைச் சுவரை ஒட்டி நடப்பவருடைய நிழல் அவர் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். நிமிர்ந்து நிற்கும் கம்பத்துக்கு நிழலே இராது.

அறிவித்தலை வாசிப்பவர் பலருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. நண்பகல் என்றால் பன்னிரண்டு மணி என்றல்லவா பழகியிருக்கின்றோம்? ஆனால் கண்டியில் அன்று சூரியன் உச்சத்தை அடையும் வேளை 12 மணி 9 நிமிடம். தெற்கு நோக்கித் திரும்பி வரும்போது, செப்ரெம்பர் 3ஆம் அல்லது 4ஆம் திகதியில், அதே சூரியன் அதே ஊருக்கு இரண்டாம் முறை உச்சம் கொடுக்கின்றான். அப்போதோ 12 மணி 7 நிமிடம்கூட ஆகியிராது. ஊர் மாறவில்லை, சூரியனும் மாறவில்லை. நேரம் மட்டும் ஏன் மாறுகின்றது? பெரும்பாலோர் இவ்விடத்தில் பத்திரிகையின் பக்கத்தைப் புரட்டிவிடுவர். நாம் சற்றே தரித்து நின்று பார்ப்போம்.

கடிகாரம் எவ்வூருடையது?

ஐயத்தின் ஒரு பாதியை எளிதில் தீர்த்துவிடலாம். நம்முடைய கடிகாரம் கண்டிக்குரியதன்று. இலங்கையும் இந்தியாவும் பொதுவாக ஏற்றுக்கொண்டுள்ள நேரம் கிழக்கு நெட்டாங்கு 82½ பாகைக்கு உரியது. அந்தக் கோடு வடக்கே மிர்சாபூரின் அருகாகச் சென்று, தெற்கே இலங்கை மண்ணைத் தீண்டாமலே கிழக்குக் கடலில் இறங்குகின்றது. கண்டியோ அதற்கு மேற்கே 1.87 பாகை தள்ளியிருக்கின்றது. பூமி ஒரு பாகை சுழல்வதற்கு 4 நிமிடம் செல்லுமாதலால், அக்கோட்டில் நண்பகலாகி ஏழரை நிமிடம் கழிந்த பின்னரே கண்டியில் நண்பகலாகும்.

இந்த ஏற்பாடு பழமையானதுமன்று, ஸ்திரமானதுமன்று. 1906ஆம் ஆண்டுக்கு முன்னர் மொறட்டுவையின் நெட்டாங்கை ஒட்டிய நேரமே இத்தீவில் வழங்கியது. அந்நாளைய கண்டியில் ஏப்ரல் 8ஆம் திகதி உச்சிவேளை, கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம் குறைவாகவே இருந்திருக்கும். 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். ஒக்ரோபரில் அரை மணி பின்னிழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மீதி அரை மணியையும் திருப்பிக் கொடுத்தார்கள். இடைப்பட்ட பத்தாண்டுகளில் கண்டியின் ஏப்ரல் உச்சி 12 மணி 39 நிமிடத்துக்கு வந்தது. சூரியன் இவற்றையெல்லாம் அறிந்தானல்லன். இந்த மாற்றங்கள் அத்தனையும், எவரும் எடுத்து வாசிக்கக்கூடியதாக, தன்னார்வலர்கள் பேணி வரும் நேரவலயப் பதிவேடு ஒன்றில் நாள் தவறாமல் எழுதப்பட்டுள்ளன. உலகத்துக் கைபேசிகளிற் பெரும்பாலானவை அப்பதிவேட்டைப் பார்த்தே மணி சொல்கின்றன.

எனினும் ஏழரை நிமிடத்தைக் கழித்துவிட்டாலும் கணக்கு நேராகவில்லை. ஏப்ரலில் சூரியன் இன்னும் ஏறக்குறைய 2 நிமிடம் பிந்துகின்றான். செப்ரெம்பரில் முக்கால் நிமிடம் முந்துகின்றான். எஞ்சி நிற்கும் இந்த வேற்றுமையைப் பொழுதுப் பிசகு என்று அழைப்போம். அதைத் துருவிப் பார்க்க ஒரு சாதனம் வேண்டும்.

கணினிக்குள் ஒரு வானம்

ஆண்டு முழுவதும் நாள்தோறும் நண்பகலில் வெளியே வந்து நிழலை அளப்பவருக்கு இந்தச் சாதனம் தேவையில்லை. ஆனால் கண்டியின் வானம் அத்தகைய விரதத்துக்கு இடங்கொடாது. பருவக்காற்று ஒன்று ஓய்ந்தால் மற்றொன்று தொடங்கும், இரண்டுக்கும் இடையில் இடியுடன் கூடிய மழை வந்து சேரும். ஆகையால், ஓராண்டின் வானத்தை ஒரு மாலைப்பொழுதுக்குள் சுருக்கிக் காட்டும் ஸ்டெல்லேரியம் என்னும் மென்பொருளை நாடுவோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபபியான் ஷெரோ என்னும் பிரெஞ்சு நிரலாளர் தொடங்கி வைக்க, பல தேசத்து அன்பர்கள் கைகொடுத்து வளர்த்த இம்மென்பொருள், 2022 ஒக்ரோபரில் 1.0 என்னும் பதிப்பெண்ணை எட்டியது. விலை கிடையாது, ஒருமுறை பதிந்துகொண்டால் இணையத் தொடர்பின்றியே இயங்கும், ஆறு லட்சம் விண்மீன்களின் பட்டியல் அதனோடேயே வந்து சேர்கின்றது.

இடத்தைக் குறிக்கும் சாளரத்தில் வடக்கு அகலாங்கு 7 பாகை 17 கலை, கிழக்கு நெட்டாங்கு 80 பாகை 38 கலை என்று எழுதுங்கள். நீங்கள் கண்டியில் நிற்கின்றீர்கள். நேரத்தை நண்பகல் 12 மணியாக வைத்து, பார்வையைத் தலைக்கு மேலே திருப்புங்கள். ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்துச் சாவியைத் தட்டினால் வளிமண்டலம் நீங்கி, பட்டப்பகலில் சூரியனைச் சூழ விண்மீன்கள் தோன்றும். இனிச் சமன் குறிச் சாவியை ஒருமுறை தட்டினால் ஒரு நாள் கழியும்; மணி மட்டும் பன்னிரண்டாகவே நிற்கும். தட்டிக்கொண்டே போங்கள்.

கடிகாரமும் சூரியனும் ஒத்துப் போகுமாயின், சூரியன் வடக்கும் தெற்குமாக ஒரே நேர்கோட்டிற் போய்வர வேண்டும். திரையிலோ அவன் பக்கவாட்டிலும் விலகுகின்றான். ஆனி மாதத்தில் உச்சிக்கு வடக்கே 16 பாகைவரை ஏறியும், மார்கழியில் உச்சிக்குத் தெற்கே ஏறக்குறைய 31 பாகைவரை இறங்கியும், வட்டத்தை முடிக்கும்போது அவன் வரைந்திருக்கும் உருவம் 8 என்னும் இலக்கம். அதிலும் ஒரு கண் சிறியது, மறு கண் பெரியது. வானவியலார் அனலெம்மா என்று சொல்லும் இதனை நாம் எட்டுரு என்போம். கண்டியின் நண்பகல் நிழல் ஏப்ரல் 8 முதல் செப்ரெம்பர் தொடக்கம்வரை தெற்கு நோக்கி விழுவதையும் இப்படத்திலேயே கண்டுகொள்ளலாம். மலைநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிலும் இதைக் கவனித்தவர் சிலரே.

சூரியன் நண்பகற் கோட்டைக் கடக்கும் நேரத்தை நாள்வாரியாகக் குறித்துக்கொண்டு வந்தால் நான்கு திருப்பங்கள் புலப்படும். பெப்ரவரி 11ஆம் திகதியளவில் கண்டியின் உச்சி 12 மணி 22 நிமிடத்துக்கு வருகின்றது. ஆண்டிலேயே மிகப் பிந்திய நண்பகல் அதுவே. அங்கிருந்து முன்னேறி மே மாத நடுவில் 12 மணி 4 நிமிடத்தை அடைந்து, மீண்டும் பிந்தி, ஜூலை 26ஆம் திகதியளவில் 12 மணி 14 நிமிடமாகி, பின்னர் விரைந்து முந்தி, நவம்பர் 3ஆம் திகதியில் 11 மணி 51 நிமிடத்துக்கே வந்துவிடுகின்றது. நவம்பருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் மட்டும் அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட வித்தியாசம்! ஏப்ரலின் 2 நிமிடம் இந்தப் பெரிய ஊசலாட்டத்தில் ஒரு சிறு துளியே.

இரு அலைகள்

காட்சியைக் கண்டோம், காரணத்தைக் காணவில்லை. ஸ்டெல்லேரியம் வானத்தை உள்ளவாறு காட்டுமேயன்றி, ‘பூமியின் சாய்வு இல்லாவிட்டால் என்ன ஆகும்’ என்ற கேள்விக்கு இடங்கொடாது. அவ்வாறு இல்லாததைக் கற்பித்துப் பார்க்க வேறொரு மென்பொருள் உதவும். ஒஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் என்பவர் 2001இல் தம் முதுகலை ஆய்வாகத் தொடங்கிய ஜியோஜீப்ரா, வடிவக் கணிதத்தையும் அட்சரகணிதத்தையும் ஒரே திரையில் இணைப்பது. அதில் ஓர் அளவுக்கு ஒரு குமிழை அமைத்து, குமிழை இழுக்க இழுக்க உருவம் மாறுவதைக் கண்ணெதிரே காணலாம். நமக்கு வேண்டிய குமிழ்கள் இரண்டே: பூமியின் பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கின்றது என்பது ஒன்று, பூமியின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கின்றது என்பது மற்றொன்று.

முதலிற் சாய்வைச் சூனியமாக்கி, பாதையின் நீட்சியை மட்டும் உள்ளவாறு விடுவோம். பூமி தன்னைத்தான் ஒருமுறை முழுதாகச் சுற்றிக்கொள்ள 23 மணி 56 நிமிடமே செல்கின்றது. அதற்குள் அது சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு பாகை முன்சென்றுவிடுவதால், மீண்டும் சூரியனுக்கு நேரே வர இன்னும் ஒரு பாகை சுழல வேண்டியிருக்கின்றது. அந்தக் கூடுதற் சுழற்சிக்கான 4 நிமிடத்தைச் சேர்த்தாற்றான் நம்முடைய 24 மணி. ஆனால் அந்த ஒரு பாகை எந்நாளும் ஒரே அளவினதன்று. ஜனவரியின் முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அணுகி, ஏறக்குறைய 14 கோடியே 71 லட்சம் கிலோமீற்றர் தூரத்தில், விநாடிக்கு 30.3 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுகின்றது. ஜூலையின் முதல் வாரத்தில் 15 கோடியே 21 லட்சம் கிலோமீற்றருக்கு விலகி, வேகம் 29.3 ஆகத் தணிகின்றது. வேகமாக ஓடும் நாளில் கூடுதலாகச் சுழல வேண்டும். ஆதலின் ஜனவரியில் ஒவ்வொரு நண்பகலும் முந்தைய நாளினும் ஏறக்குறைய 8 விநாடி பிந்தும், ஜூலையில் அவ்வளவே முந்தும். இப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்தவை திரையில் ஓர் அலையாக எழுகின்றன: ஆண்டுக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம், உயரம் ஏறக்குறைய 7¾ நிமிடம்.

இனி முதற் குமிழைச் சூனியத்துக்கு இழுத்து, சாய்வை 23.4 பாகைக்குத் திருப்புவோம். இதுதான் மாணவர் பெரும்பாலும் தடுமாறும் இடம். பாதை சுத்தமான வட்டம், வேகம் ஒரே சீர். அப்படியிருந்தும் பிசகு தோன்றுகின்றது, முன்னையதினும் பெரிதாகவே தோன்றுகின்றது! கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் பஸ்ஸை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். சக்கரம் ஒரே வேகத்தில் உருண்டாலும், உழைப்பின் ஒரு பங்கு மேலே ஏறுவதிற் போய்விடுவதால், வரைபடத்தில் பஸ் கடந்த தூரம் சமதரையிற் கடப்பதைவிடக் குறைவு. சூரியனும் பங்குனியிலும் புரட்டாதியிலும் வான நடுக்கோட்டைச் சாய்வாகக் குறுக்கே கடக்கின்றான். அவனுடைய நடையில் ஒரு பங்கு வடக்கு-தெற்காகச் செலவாகிவிட, கிழக்கு நோக்கிய முன்னேற்றம் குறைகின்றது. கடிகாரம் கணக்கிலெடுப்பது கிழக்கு நோக்கிய முன்னேற்றத்தை மட்டுமே. ஆகவே அந்நாள்களில் நண்பகல் நாளுக்கு ஏறக்குறைய 20 விநாடி முந்துகின்றது. ஆனியிலும் மார்கழியிலும் நிலைமை நேர்மாறு. அப்போது அவன் நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாகவே செல்கின்றான். அதுவுமன்றி, துருவங்களை நோக்கிக் குவியும் நெட்டாங்குக் கோடுகள் அங்கே ஒன்றையொன்று நெருங்கியிருப்பதால், அதே நடையில் அதிகமான கோடுகளைக் கடந்துவிடுகின்றான். நாளுக்கு 21 விநாடி பிந்துகின்றது. இந்த அலைக்கு ஆண்டில் இரண்டு மேடு, இரண்டு பள்ளம்; உயரம் ஏறக்குறைய 10 நிமிடம்.

இப்போது இரு குமிழ்களையும் உரிய இடத்தில் வைத்து இரு அலைகளையும் கூட்டுங்கள். டிசம்பர் இறுதியில் இரண்டும் ஒரே திசையில் இழுப்பதால் நண்பகல் நாளுக்கு அரை நிமிடம் வீதம் பின்தள்ளப்படுகின்றது. நவம்பரிலிருந்து பெப்ரவரிவரை கண்ட அந்தப் பெரும் பாய்ச்சல் இதனால் விளைந்ததே. ஜூன் இறுதியிலோ சாய்வு பின்னிழுக்க, வேகக்குறைவு முன்தள்ள, எஞ்சுவது நாளுக்கு 13 விநாடி மட்டும். எட்டுருவின் ஒரு கண் சிறுத்தும் மறு கண் பெருத்தும் இருப்பதன் இரகசியம் இதுவே. பாதையின் நீட்சியை மட்டும் சூனியமாக்கிப் பாருங்கள், இரு கண்களும் சமமாகிவிடும். சாய்வைச் சூனியமாக்கினால் எட்டு முழுவதுமே நசுங்கி, கிழக்கு-மேற்காக ஒரு சிறு கோடாகிவிடும். அத்தகைய பூமியில் சூரியன் நடுக்கோட்டை விட்டு அசையமாட்டானாகையால் கண்டிக்கு அவன் உச்சம் கொடுக்கும் நாளே கிடையாது. செவ்வாய்க் கிரகத்துக்குச் சென்றால் என்ன ஆகும் என்று கேட்பவர் மீண்டும் ஸ்டெல்லேரியத்துக்குத் திரும்பி, இடத்தைக் குறிக்கும் சாளரத்தில் கிரகத்தை மாற்றிக்கொள்ளலாம். அங்கே பாதை மிக நீண்டது. சூரியன் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகப் பிசகுவான். எட்டு மறைந்து கண்ணீர்த்துளி போன்றதொரு வடிவம் தோன்றும்.

சோழிகளால் கணித்தவர்

மென்பொருள் சொன்னதை நாம் எந்த ஆதாரத்தின்மேல் நம்பினோம்? இக்கேள்வியைத் தொடும் சம்பவம் ஒன்று தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. சென்னை வான்காட்சிச் சாலையில் முன்னர்ப் பொறுப்பு வகித்த ஜோன் வாரன் என்பவர், 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ என்னும் தம் நூலில், பாண்டிச்சேரியிலிருந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கின்றார். அந்தக் கணிதர் தரையிற் சோழிகளைப் பரப்பி, எழுத்துக் குறியீடாக மனனஞ் செய்திருந்த வாய்பாடுகளை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்து, அவ்வாண்டு மே மாத இறுதியில் நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. எழுதுகோலும் கடதாசியுமின்றி இதைச் செய்து முடித்த அவருடைய ஆற்றல் வியக்கத்தக்கதே. ஆனால் அந்த வாய்பாடுகள் எவ்வாறு பிறந்தன, எங்கே திருத்தப்பட வேண்டும் என்பதை அவர் அறியார் என்று வாரன் குறித்துச் செல்கின்றார்.

விடையை மட்டும் ஈந்து வழியை மறைக்கும் கணினி மென்பொருளை நம்புகின்றவருடைய நிலையும், என் அபிப்பிராயத்தில், அந்தக் கணிதருடைய நிலையினின்றும் வெகுதூரம் விலகியதன்று. பிழை 52 நிமிடத்திலிருந்து ஒரு விநாடிக்குக் குறைந்திருக்கலாம். ஆனால் பிழை ஏற்பட்டால் எங்கே என்று தேட வழியில்லை. ஸ்டெல்லேரியம் இந்த இடத்திற்றான் வேறுபடுகின்றது. மனிதர் வாசிக்கக்கூடிய மொழியில் நிரலாளர் எழுதும் கட்டளைத் தொகுதியை மூல நிரல் என்பர். அதனை எவரும் வாசிக்கவும், திருத்தவும், திருத்தியதைப் பிறருக்கு அளிக்கவும் உரிமை வழங்கும் மென்பொருள் திறந்த மூல மென்பொருள். ஸ்டெல்லேரியத்தின் மூலத்தைத் திறந்தால், கிரகங்களின் நிலையை அது 1987இல் பாரிஸில் உருவாக்கப்பட்ட ஒரு கோட்பாட்டினின்றும் பெறுகின்றது என்பதும், அக்கோட்பாட்டின் ஆயிரக்கணக்கான உறுப்புகள் எவை என்பதும் வரிவரியாகக் கிடைக்கும்.

மாணவர் எல்லோரும் மூல நிரலை வாசிக்கப் போகின்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. நூற்றில் ஒருவர் வாசித்தாலும் அதிசயமே. யாரேனும் ஒருவர் வாசிக்கலாம் என்ற நிலை இருப்பது, வாசியாத தொண்ணூற்றொன்பதின்மருக்கும் ஒரு பாதுகாப்பு.

உரிமையும் வரையறையும்

1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய இயக்கமும், 1989இல் அவர் வகுத்த பொது உரிமமும் திறந்த மூல வழிக்கு அடிகோலின. இலங்கைக்கு இது அந்நியமன்று. 2003இல் இங்கே லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் தோன்றியது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை தாக்கிய சில வாரங்களுக்குள் இலங்கை நிரலாளர் உருவாக்கிய சஹானா என்னும் திறந்த மூலத் தொகுதி, காணாமற்போனோரைத் தேடவும் முகாம்களைக் கண்காணிக்கவும் உதவி, பின்னர் வேறு தேசங்களின் பேரிடர்களிலும் பயன்பட்டது. வாங்குபவராக மட்டுமன்றி ஆக்குபவராகவும் நாம் இருந்திருக்கின்றோம் என்பதற்கு அது சான்று.

ஆயினும் ‘இலவசம்’ என்பதெல்லாம் ‘திறந்தது’ ஆகிவிடாது. ஜியோஜீப்ராவையே எடுத்துக்கொள்வோம். அதன் மூல நிரல் பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது. ஆனால் அதன் பிற பகுதிகள் சில, வணிக நோக்கமின்றிப் பயன்படுத்துவோருக்கே இலவசம். 2021இல் இந்தியாவின் பைஜூஸ் நிறுவனம் அதனை வாங்கிக்கொண்டது. வகுப்பறையில் அதைப் பயன்படுத்தும் ஆசிரியருக்கு இதனால் உடனடி இடர் ஏதுமில்லை. எனினும் எந்தச் சாதனத்தின் எந்தப் பகுதி எவருடைய கையில் இருக்கின்றது என்பதை அறிந்து வைத்திருப்பது நன்று. கொலராடோப் பல்கலைக்கழகத்தில் நோபெல் பரிசாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய ஃபெட் என்னும் பௌதிக ஒப்புருக்களும், சுருள்வில்லையும் வாயுத் துகள்களையும் இட்டு விளையாட இடந்தரும் ஸ்டெப் என்னும் மென்பொருளும் இத்துறையில் பெயர் பெற்றவை. அவற்றை இங்கே விரிக்கப் புகுந்தால் நம் சூரியன் அஸ்தமித்துவிடுவான்.

கண்டிச் சுற்றுப்புறத்துப் பாடசாலைகளுக்குப் பொது உரிமத்தின் பிரத்தியட்சமான பயன், தத்துவத்தினும் எளியது. உரிமத்தை மீறாமலே மென்பொருளை ஒரு பென்டிரைவில் ஏற்றி, பேராதனையிலிருந்து கம்பளைக்கும், கம்பளையிலிருந்து இணையம் எட்டாத தோட்டப் பாடசாலைக்கும் கொண்டுபோகலாம்.

அந்தனையின் முகடு

இறுதியாக ஓர் எச்சரிக்கை. திரையிற் காண்பது கணிதம் சொல்லும் வானம். அதனை வெளியே உள்ள வானத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காத வரையில் அது அனுமானமே. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, அதன் நிழல் வடக்கு-தெற்குக் கோட்டில் விழும் வேளையைக் குறித்துப் பார்த்தால், நவம்பரில் 11 மணி 51 நிமிடம் என்பது மெய்தானா என்று அரை மணியில் தெரிந்துவிடும்.

உச்சிவேளைக்கு இது போதும், சூரியோதயத்துக்குப் போதாது. மென்பொருள் குறிக்கும் உதய நேரம் தட்டையான அடிவானத்துக்கு உரியது. முதன்முறை திறக்கும்போது ஸ்டெல்லேரியம் காட்டும் நிலக்காட்சியோ பிரான்சிலுள்ள கெரைன் என்னும் சிற்றூரின் வயல்வெளி. அந்தனை மலைத்தொடரும் பிற குன்றுகளும் சூழ்ந்த கண்டியில், சூரியன் முகட்டைத் தாண்டி முகங்காட்டுவது அந்த நேரத்துக்கு வெகுவாகப் பிந்தியே. இதற்கும் வழி உண்டு. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து நாற்புறமும் படமெடுத்து, அவற்றை ஒன்றாக ஒட்டி, வானப் பகுதியை மட்டும் அழித்துவிட்டு, இடத்தின் பெயரும் ஆள்கூறுகளும் எழுதிய ஒரு சிறு கோப்பைச் சேர்த்து உரிய கோப்புறையில் இட்டால், மென்பொருள் உங்கள் மலைகளையே அடிவானமாக ஏற்றுக்கொள்ளும். சூரியன் எந்நாளில் எந்த முகட்டின் பின்னிருந்து எத்தனை மணிக்கு எழுவான் என்பதையும் காட்டும். செய்து முடித்ததைப் பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் பேராதனையிலிருந்து எடுத்த அடிவானம் கட்டுகஸ்தோட்டையில் இருப்பவருக்குப் பொருந்தாது. அவர் தம்முடைய மலைகளைத் தாமே படமெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.